அல்சூர் ஏரிக்கரையில் நிற்கும் அம்பாசிடர்

போன மாதம் என் போனுக்கு ஒரு படம் வந்தது. பழைய காரேஜில் என்னோடு வேலை செய்து, இப்போது சொந்தமாகக் கடை போட்டிருக்கும் டேவிட் அனுப்பியிருந்தான். பானெட் திறந்தபடி ஒரு வெள்ளை அம்பாசிடர். கீழே ஒரு கேள்வி: "அண்ணா, இதுல ஸ்கேனர் சொருக இடமே இல்ல. நல்லா ஓடுது, திடீர்னு நின்னுடுது. எங்கேர்ந்து ஆரம்பிக்கட்டும்?"

நான் யோசிக்கவே இல்லை. "ஓனர் பெட்ரோல் எங்கே போடறார், எவ்வளவு போடறார்னு முதல்ல கேளு" என்று பதில் அனுப்பினேன்.

எஞ்சினைப் பற்றிக் கேட்டால் பெட்ரோல் பங்கைப் பற்றிப் பேசுகிறாரே, வேலையை விட்டதும் அண்ணனுக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்தானோ என்னவோ, பதிலுக்கு ஒரு கும்பிடு மட்டும் வந்தது. குழம்பவில்லை, டேவிட். அந்தக் கேள்வியைக் கற்றுக்கொள்ள எனக்கு ஏழு மாதமும் ஒரு கல்யாணமும் தேவைப்பட்டன. கல்யாணம் என்னுடையது.

நான் முனிரத்தினம், ஜோகுபாளையத்துக்காரன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, இரண்டு வருடம் மண்ணெண்ணெயில் பார்ட்ஸ் கழுவி, மூன்று வருடம் கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுத்து, ஆறாவது வருடம் எனக்கென்று ஒரு டூல் பாக்ஸ் வாங்கியவன். தொண்ணூறுகள் பிறந்தபோது நான் கரீம் பாயின் காரேஜில் இரண்டாவது மெக்கானிக். முதல் மெக்கானிக்கும் முதலாளியும் கரீம் பாயேதான்.

ஓல்டு மெட்ராஸ் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஷீட் போட்ட காரேஜ். அங்கே எல்லாமே கறுப்பு, பாயின் சட்டையைத் தவிர. காலையில் வெள்ளைச் சட்டையோடு வருவார், சாயங்காலம் அதே வெள்ளையோடு போவார். நாங்கள் காலரிலிருந்து கணுக்கால் வரை கிரீஸ் பூசிக்கொண்டு நிற்போம். எப்படி என்று கேட்டால், "வண்டிகிட்ட போறதுக்கு முன்னால யோசிக்கிறவன் மேல கறை படாது ரே" என்பார்.

வண்டி வந்தால் முதல் அரைமணி நேரம் பானெட்டைத் தொடமாட்டார். ஓனரை ஸ்டூலில் உட்காரவைத்து விசாரிப்பார். சில்லென்று இருக்கும்போது நிற்கிறதா, சூடேறிய பிறகா? ஏற்றத்திலா, சிக்னலிலா? மழை பெய்த அன்றா? அப்புறம் டீ வரும். பானெட்டைத் திறந்து, வண்டியை ஐடிலில் ஓடவிட்டு, ததும்பத் ததும்ப இருக்கும் டீ கிளாஸை ஏர் ஃபில்டர் மூடிமேல் வைப்பார். டீ சிந்தினால் வண்டி வெளியே போகாது. சிந்தாத அன்று அதே டீயை எடுத்துக் குடித்துவிட்டுச் சாவியைக் கொடுப்பார். பல நாள் அது ஆறிப்போய் ஆடை படிந்த டீயாக இருக்கும். ஆனாலும் பன்னீர் சோடா குடிப்பதுபோல் ரசித்துக் குடிப்பார்.

ஒருமுறை டாக்டர் ஒருவரின் கார் ஐடிலில் ஜன்னி கண்டதுபோல் உதறிக்கொண்டிருந்தது. மூன்று காரேஜ் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தது. பாய் ஒரு முழ ரப்பர் குழாயை எடுத்து, ஒரு முனையைத் தன் காதில் வைத்து, மறு முனையை எஞ்சின் மேல் மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். டாக்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஓரிடத்தில் பாயின் புருவம் உயர்ந்தது. கட்டை விரலை அங்கே வைத்து அமுக்கினார். எஞ்சின் அப்படியே சாந்தமாகிவிட்டது. ஒரு சின்னக் குழாயில் நூல் அளவு விரிசல். அது வழியாக எஞ்சின் திருட்டுத்தனமாகக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. "டாக்டர் சாப், உங்க வேலையேதான் இதுவும்" என்றார் பாய். அன்று டீ சிந்தவில்லை.

பாய்க்கு இன்னொரு சட்டமும் உண்டு. காரேஜில் வண்டியை விட்டுப் போகும்போது டேங்கில் கொஞ்சமாகத்தான் பெட்ரோல் இருக்கவேண்டும். காரேஜ்காரர்கள் பெட்ரோலை உறிஞ்சிவிடுவார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு. அந்தப் பேச்சு தன் வாசலுக்கு வரக்கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். டெஸ்ட் ரைடுக்கு முன்னால் தானே மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டு அளந்து, போதாவிட்டால் எங்கள் கேனிலிருந்து ஊற்றுவார். நேர்மையான பழக்கம்தான். அந்த நேர்மைதான் ஏழு மாதம் எங்களை முட்டாளாக்கியது.

கிரேஸ் டீச்சர் லிங்கராஜபுரத்தில் இருந்தார். தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்த பிறகு, ஷெட்டில் தூசி படிந்து நின்ற அவருடைய அம்பாசிடரை விற்க மனமில்லாமல், ஐம்பத்தெட்டாவது வயதில் டிரைவிங் கற்றுக்கொண்டார். பையனை முன் பெஞ்சுக்கு வரச்சொல்லி அதட்டுவதுபோலத்தான் ஹாரன் அடிப்பார். பஸ்காரர்கள்கூட ஒதுங்குவார்கள்.

ஒரு சர்வீசின்போது சில்லறை வேலைகள் நிறைய இருந்தன. பாய் கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். நான் பிரேக்கைப் பார்த்தேன், கதவுப் பிடியை மாற்றினேன், வண்டிக்குள் பெட்ரோல் வாடை வருகிறது என்றாரே டீச்சர் என்று டேங்க் மூடிக்குச் சைக்கிள் டியூபில் ஒரு வாஷர் வெட்டிப் போட்டேன். டீ சிந்தவில்லை. டீச்சர் சந்தோஷமாகப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காரேஜ் பக்கத்துக் கடைக்குப் போன் வந்தது. "ரத்தினம், வண்டி அல்சூர் ஏரிக்கரையில நின்னுடுச்சு. முதல்ல நடுங்கிச்சு, அப்புறம் அப்படியே அணைஞ்சு போச்சு. இன்னிக்கு சர்ச்ல நான் பைபிள் வாசிக்கணும்ப்பா!"

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். நான் போய், டூல் பாக்ஸைத் திறந்து, சும்மா ஒருமுறை சாவியைத் திருப்பினேன். எஞ்சின் ஒரே சுற்றில் எழுந்து, பூனைபோல் உறுமியது.

"இப்ப பாத்தா நான் பொய் சொன்ன மாதிரி இருக்கு" என்றார் டீச்சர்.

அன்று தொடங்கியது கூத்து. மார்க்கெட்டுக்குப் போனால் நிற்காது. பேங்குக்குப் போனால் நிற்காது. பண்டிகை, கல்யாணம், தம்பியை அழைத்துவர ஏர்போர்ட் என்று முக்கியமான நாளில் கிளம்பினால் போதும், அதே ஏரிக்கரையில், ஏறக்குறைய அதே மரத்தடியில் நடுங்கி நிற்கும். நான் போய்ச் சேர்வதற்குள் தானாகவே சரியாகிவிடும். ஏரிக்கரையில் ஏதோ இருக்கிறது, எலுமிச்சம்பழம் நசுக்குங்கள் என்று போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் யோசனை சொன்னார்கள். "எலுமிச்சம்பழத்துக்கு ஸ்டார்ட் ஆகற வண்டி எனக்கு வேணாம்" என்றார் டீச்சர்.

பாயும் நானும் பாயிண்டை மாற்றினோம். கண்டென்சரை மாற்றினோம். காயில், பிளக், பெட்ரோல் பம்ப், எல்லாவற்றையும் மாற்றினோம். கார்பரேட்டரை மூன்று முறை இறக்கி ஏற்றினார் பாய். தன்னுடைய கைதான் அதைக் கெடுத்துவிட்டது என்று அவருக்கு உள்ளூர ஒரு வேதனை. ஒவ்வொரு முறையும் குச்சி விட்டு அளந்து, டெஸ்ட் ரைடு போய், அதே ஏரியை நான்கு சுற்று சுற்றி வருவோம். வண்டி சமர்த்தாக ஓடும். டேங்க் காலியோ என்று டீச்சரிடம் ஒருமுறை கேட்டோம். "ஃபுல் டேங்க்ப்பா, முந்தின நாள்தானே போட்டேன்" என்றார். டேங்க் நிறைய இருக்கிறது என்றதும் பெட்ரோலைச் சந்தேகிக்க எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

ஏழாவது மாதம் டீச்சர் காரேஜ் ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார்: "பாய், இந்த வண்டியில மாத்தாத பழைய பார்ட் இப்ப நான் ஒருத்திதான்."

பாயின் முகம் சுருங்கிவிட்டது. "மேடம், இந்த தடவை கேரன்டி. இனிமே நிக்காது."

"அவ்வளவு நிச்சயமா?"

"நிச்சயம்."

டீச்சர் என்னைப் பார்த்தார். என் கல்யாணப் பத்திரிகை அப்போதுதான் அவர் கையில் இருந்தது. "அப்ப சரி. பதினாலாம் தேதி மாப்பிள்ளை என் வண்டியிலதான் மண்டபத்துக்குப் போறான். நானே ஓட்டறேன்."

பாய் ஒருமுறை அம்பாசிடரைத் திரும்பிப் பார்த்தார். ஆனால், "ஜரூர் மேடம், கட்டாயம்" என்றார்.

எங்களுடையது பௌத்தக் குடும்பம். பெண் வீடும் அப்படித்தான். தொம்மலூரில் மண்டபம். பெண் சுகுணா, கார்மென்ட்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். நாற்பது தையல் மெஷின்களை ஒரே பார்வையில் ஓடவைப்பவள். எங்களுக்கு ராகுகாலம், எமகண்டம் பார்க்கும் வழக்கம் கிடையாது. ஆனால் அதைவிடக் கண்டிப்பான ஒரு நேரம் இருந்தது. பிக்கு வந்து ஆசீர்வாதம் செய்வார். மாலை மாற்றிய பிறகு, தம்பதியாக நாங்கள் செய்யும் முதல் காரியம் அவருக்குச் சாப்பாடு பரிமாறுவது. பிக்கு பகல் பன்னிரண்டுக்கு மேல் சாப்பிடமாட்டார். "மாப்பிள்ளை லேட்டானா சாமி பட்டினி, அந்தப் பாவத்தோட என் பொண்ணு குடித்தனம் ஆரம்பிக்கக்கூடாது" என்று மாமனார் பத்து முறை சொல்லியிருந்தார்.

பதினாலாம் தேதி காலை பத்தேகாலுக்கு, பானெட்டில் செவ்வந்தி மாலையோடு அம்பாசிடர் ஜோகுபாளையத்துக்குள் நுழைந்தது. டீச்சர் முகத்தில் ஒரே வெளிச்சம். "ரத்தினம், ஏரிக்கரையைத் தாண்டிட்டேன்! நிக்கவே இல்ல! உன் கல்யாணம்னு டேங்கை ஃபுல்லா ரொப்பிட்டு வந்திருக்கேன்!" முன் சீட்டிலிருந்த பாய் கண்ணை மூடி ஏதோ சொல்லிக்கொண்டார். அம்மாவும் சொந்தக்காரர்களும் முன்பே வேனில் போய்விட்டார்கள். நான் பட்டு வேட்டியோடு பின் சீட்டில் ராஜாபோல் சாய்ந்தேன். டீச்சர் ஒரு பாட்டை முணுமுணுத்தார். பாய் டாஷ்போர்டைத் தட்டித் தாளம் போடாத குறை.

கேம்பிரிட்ஜ் லேஅவுட்டைத் தாண்டினோம். தொம்மலூர் கண்ணுக்குத் தெரியும் தூரம். ஒரு சிக்னல். வண்டி நின்றது, நடுங்கியது, இரண்டு முறை விக்கியது, அணைந்தது.

டீச்சர் சாவியைத் திருப்பினார். திருப்பிக்கொண்டே இருந்தார். பாட்டு நின்றுவிட்டது.

பாய் குதித்து இறங்கி பானெட்டைத் திறந்தார். நானும் இறங்கினேன். "நீ தொடாதே மாப்பிள்ளை! கையை மேல தூக்கு!" என்று கத்தினார். நடு ரோட்டில், நெற்றியில் சந்தனத்தோடு, போலீஸ் பிடித்தவன்போல் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றேன். பின்னால் ஹாரன் சத்தம். ஒரு ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "ஏன் சார், ஓடிப்போற ஐடியாவா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நாலைந்து பேர் தள்ளி வண்டியை ஓரமாக நிறுத்தினார்கள். பத்து நாற்பது.

பாய் பிளக் ஒயரை இழுத்துப் பார்த்தார். நீலப் பொறி, அருமையான பொறி. பம்புக்கு வரும் பெட்ரோல் குழாயைக் கழற்றி, டீச்சரை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொன்னார். குழாயிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. ஏழு மாதத்தில் முதல் தடவையாக, வண்டி நின்ற அந்த நிமிடத்தில் அதன் பக்கத்தில் இரண்டு மெக்கானிக்குகள் இருந்தோம்.

"டேங்க் ஃபுல்லு. பம்ப் புதுசு. பெட்ரோல் வரல. இது என்ன ஷைத்தான் வேலை!" என்றார் பாய். அவருடைய வெள்ளைச் சட்டையின் நெஞ்சில் நீளமாக ஒரு கறை. நான் அதைப் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

டீச்சர் கதவைத் திறந்துகொண்டு புலம்பினார். "ஏரிக்கரையில நிக்காம வந்துச்சேன்னு எவ்வளவு சந்தோஷப்பட்டேன்! வீட்டுப் பக்கத்துல நம்ம வழக்கமான பங்க்ல லோடு வரல, வர்ற வழியில வேற பங்க்ல போட்டேன். அந்தப் பெட்ரோல்தான் சரியில்லையோ என்னவோ..."

"எங்க போட்டீங்க?" என்றேன்.

"ஃப்ரேசர் டவுன் பக்கம்ப்பா. வீட்டிலேர்ந்து ஒரு ரெண்டு கிலோமீட்டர்."

தூக்கிய கைகள் தூக்கியபடியே இருக்க, என் மண்டைக்குள் ரோடு மேப் விரிந்தது. பங்க் இரண்டு கிலோமீட்டர் முன்னால் வந்துவிட்டது. வண்டியும் ஏரியிலிருந்து இரண்டு கிலோமீட்டர் முன்னால் வந்து நிற்கிறது. நிற்கும் இடம் மாறிவிட்டது; பங்கிலிருந்து நிற்கும் தூரம் மாறவில்லை! இத்தனை மாதமும் ஏரிக்கரையை முறைத்துக்கொண்டிருந்தோமே!

நான் ஓடினேன். "கை! கை!" என்று பாய் கத்துவதையும் மீறி, வண்டியின் பின்பக்கம் போய், டேங்க் மூடியைப் பிடித்துத் திருகினேன். வரமாட்டேன் என்று இறுக்கமாக ஒட்டிக்கொண்டிருந்தது. வேட்டி நுனியைச் சுற்றி, மூச்சைப் பிடித்துத் திருப்பினேன்.

ஹுஸ்ஸ்ஸ்ஸ்!

தண்ணீருக்குள் முங்கிக் கிடந்தவன் தலையைத் தூக்கி மூச்சை இழுப்பதுபோல, டேங்க் காற்றை இழுத்தது. அந்தச் சத்தம் நாலு செகண்ட் இருந்திருக்கும். எனக்கு அது நாதஸ்வரம்.

"பாய்! டேங்க் மூச்சு விடல பாய்! மூச்சு விடல!" என்று குதித்தேன். வேட்டி அவிழாதது என் அதிர்ஷ்டம்.

விஷயம் இதுதான். பெட்ரோல் வெளியே போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வரவேண்டும். அதற்காக அந்த மூடியில் குண்டூசி அளவு ஒரு துவாரம் இருந்தது. அது அடைபட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோலைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொள்ளும், பம்பால் உறிஞ்சமுடியாது. டேங்க் பாதி காலியாக இருந்தால் உள்ளே நிறையக் காற்று இருக்கும், வெற்றிடம் உண்டாக வெகுதூரம் ஓடவேண்டும். ஃபுல் டேங்கில் காற்றுக்கு இடமே இல்லை, நாலைந்து கிலோமீட்டரில் கழுத்து நெரிந்துவிடும். கொஞ்ச நேரம் சும்மா நின்றால் காற்று மெல்லக் கசிந்து உள்ளே வந்து, வண்டி பிழைத்துக்கொள்ளும். டீச்சர் முக்கியமான நாளில் மட்டுமே டேங்கை நிரப்புவார். நாங்களோ டேங்க் காலியாக இருக்கும்போதுதான் ஓட்டினோம். அதுவும் ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து, குச்சி விட்டு, வியாதியைக் குணப்படுத்திவிட்டுத்தான் பரிசோதனைக்கே கிளம்பினோம்.

இதை ரோட்டிலேயே மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். பாய் என்னை அப்படியே கட்டிக்கொண்டார். "ஷாபாஷ் ரே! ஷாபாஷ்!" அவர் சட்டைக் கறையில் பாதி என் பட்டுச் சட்டைக்கு வந்தது.

அப்போது என் பார்வை கையிலிருந்த மூடிக்குப் போனது. உட்புறம், துவாரத்தை முழுசாக மூடிக்கொண்டு, கச்சிதமாக வெட்டப்பட்ட ஒரு சைக்கிள் டியூப் வாஷர். நடுவில் ஓட்டை போட மறந்த வாஷர். அதன் விளிம்பில் என் கத்திரிக்கோலின் பல் பதிந்திருந்தது.

சத்தமில்லாமல் அதை உரித்து மடியில் செருகிக்கொண்டேன். "தூசி அடைச்சிருக்கும்" என்றார் பாய். அவர் பெட்ரோல் குழாயை மறுபடி பொருத்தினார், நான் மூடியைத் திருகி மாட்டினேன். டீச்சர் சாவியைத் திருப்பினார். இரண்டு சுற்று, மூன்று சுற்று, எஞ்சின் எழுந்தது. சுற்றி நின்ற கூட்டம் விசில் அடித்தது.

பதினொன்றே காலுக்கு மண்டபம். வாசலில் மாமனார் கைக்கடிகாரத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். மேடையில் சுகுணா என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு நோட்டம் விட்டாள், பீஸில் தையல் பிசகைத் தேடுவதுபோல. "மாலை மாத்தறதுக்கு முன்னாடி கை கழுவிட்டு வாங்க. என் மாலையில பெட்ரோல் வாசனை வரக்கூடாது." கழுவினேன். ஆனாலும் வந்தது. பிக்கு ஆசீர்வதித்தார். மாலை மாற்றினோம். பதினொன்றே முக்காலுக்கு நானும் அவளும் குனிந்து அவருக்குச் சோறு பரிமாறிக்கொண்டிருந்தோம். மாமனார் அப்போதுதான் மூச்சு விட்டார். அவரும் ஏழு மாதமாக அடைபட்டிருந்தவர்போல.

இதற்குள் பாய் மண்டபம் முழுக்கச் செய்தியைப் பரப்பிவிட்டார். "நான் ஏழு மாசம் கண்டுபிடிக்காததை மாப்பிள்ளை ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சுட்டான். என்னைவிடப் பெரிய மிஸ்திரி!" வந்தவர்கள் எல்லாம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் மடியிலிருந்த வாஷர் என்னை நெருப்பாகச் சுட்டது.

பந்தியில் உட்கார்ந்ததும் சுகுணா கிசுகிசுத்தாள். "மடியில என்னங்க கறுப்பா? அதையே தொட்டுத் தொட்டுப் பாக்கறீங்க."

காதோடு காதாகச் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள்கள் குலுங்கின. பிறகு சொன்னாள்: "போய்ச் சொல்லிடுங்க. அவர் கார்பரேட்டரைக் கெடுத்துட்டோம்னு இத்தனை மாசம் வருத்தப்பட்டிருக்கார் இல்ல?"

"இன்னிக்கேவா?"

"நீங்க சொல்லலேன்னா நான் சொல்லுவேன்."

எழுந்தேன். எதிர்ப் பந்தியில் பாயும் டீச்சரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு இலைகளுக்கும் நடுவில் வாஷரை வைத்தேன். "பாய், தூசி இல்ல. இது நான் வெட்டிப் போட்டது. ஓட்டை போட மறந்துட்டேன். உங்க கார்பரேட்டர்ல தப்பே இல்ல."

பாய் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி வாஷரைப் பார்த்தார். போச்சு, கல்யாணத்தன்றே வேலை போச்சு என்று நினைத்தேன். பாயின் வயிறு முதலில் ஆடியது. பிறகு தோள். பிறகு ஒரு சிரிப்பு வெடித்தது பாருங்கள், ரசத்தில் புரை ஏறி, பக்கத்திலிருந்தவர் முதுகைத் தட்டவேண்டியதாயிற்று. "மூணு தடவை! மூணு தடவை இறக்கினேன் ரே கார்பரேட்டரை!" கண்ணில் தண்ணீர் வழிந்தது. ஏழு மாதமாக அவர் நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று அந்தச் சிரிப்போடு இறங்கிப் போவதை நான் கண்ணால் பார்த்தேன். "மேடம், நீங்களே சொல்லுங்க, இவனை என்ன பண்ணலாம்?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, அசெம்பிளியில் பேசும் குரலில் சொன்னார்: "முனிரத்தினம். பெஞ்ச் மேல ஏறி நில்லு."

"டீச்சரம்மா, நான் மாப்பிள்ளை..."

"ஏறு."

ஏறினேன். பட்டு வேட்டி, மாலை, கையில் பெட்ரோல் வாசனை. மண்டபமே கை தட்டியது. பந்தியின் கடைசி இலைவரை விஷயம் பரவி, ஒவ்வோர் இலையாகச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். மாமனாருக்குச் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியவில்லை.

பெஞ்ச் ஆடியது. திரும்பிப் பார்த்தேன். சுகுணா புடவையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வந்து நிமிர்ந்து நின்றாள்.

"நீ ஏம்மா ஏறினே?" என்றார் டீச்சர்.

"இன்னியிலேர்ந்து எல்லாத்துலயும் பாதி என்னுதுன்னுதானே, டீச்சர், இப்ப மேடையில சாமி சொன்னார்? எவ்வளவு நேரம் நிக்கணும்?"

"பாயசம் வர்ற வரைக்கும்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பெட்ரோல் வாசனையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மேலிருந்து பார்த்தால் மண்டபம் முழுக்கத் தெரிந்தது. நிமிர்ந்து பார்க்கும் அத்தனை முகத்திலும் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு அடக்கமுடியவில்லை, அவளுக்கும் முடியவில்லை. பாயசம் வர ரொம்ப நேரமாயிற்று. பரிமாறுகிறவர்களைச் சமையலறை வாசலிலேயே நிற்கச்சொல்லி டீச்சர் கண்ஜாடை காட்டியிருந்தார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.